எண்டோமெட்ரியோசிஸ்: அறுவைக்குப் பின் மாத்திரையா, ஊசியா?

கேள்வி:
வணக்கம். 28 வயதான என் தங்கைக்குச் எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் உண்டான சாக்லேட் கட்டியை (பழைய இரத்தம் தேங்கிய கட்டி) லேப்ராஸ்கோப்பி எனும் சிறுதுளை அறுவை மூலம் அகற்றினார்கள். அதன்பின் டையனோஜெஸ்ட் 2 மி.கி. என்ற ஹார்மோன் மாத்திரையைத் தினமும் எடுத்துவருகிறாள். வலி குறைந்திருந்தாலும் இடையிடையே உதிரப்போக்கு இருப்பதால் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்கிறாள். வேறொரு மருத்துவர் மாதம் ஒருமுறை போடும் ஊசியைப் பரிந்துரைத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்துக் குழந்தை பெற அவள் விரும்புகிறாள். எதைக் கருதி முடிவெடுக்க வேண்டும்?

பதில் 1:
கருப்பையின் உட்சுவரை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். அத்திசு ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்தே வளர்கிறது. டையனோஜெஸ்ட் சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுத்து, ஈஸ்ட்ரோஜனை மிதமாகக் குறைத்து, அத்திசுவை மெலியச் செய்கிறது. முதல் சில மாதங்களில் ஒழுங்கற்ற உதிரப்போக்கு மிகப் பரவலானது, பெரும்பாலோருக்குப் போகப்போகக் குறையும். எனவே அதற்காக மட்டும் மருந்தைத் தானாக நிறுத்த வேண்டாம். ஆனால் உதிரம் மிகுந்தாலோ மனம் தொடர்ந்து சோர்ந்திருந்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மனச்சோர்வைப் பலர் மருந்தோடு தொடர்புபடுத்தாமலே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, இது கருத்தடை மாத்திரையாக அங்கீகரிக்கப்பட்டதன்று. ஆணுறை போன்ற ஹார்மோன் சாராத முறை தேவை.

பதில் 2:
அந்த ஊசி பெரும்பாலும் லியூப்ரோலைடு 3.75 மி.கி. ஆக இருக்கும். அது முதலில், சினைப்பையை இயக்கும் பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்டுவதால் தொடக்கத்தில் வலி சற்றுக் கூடக்கூடும். பிறகு அச்சுரப்பி அடங்கி, மாதவிடாய் நின்றவர்களின் அளவுக்கு ஈஸ்ட்ரோஜன் இறங்கிவிடும். உடல் தகிப்பு, பிறப்புறுப்பு வறட்சி ஆகியவற்றோடு எலும்பின் அடர்த்தியும் குறையும் என்பதால், சிறிதளவு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுக்கும் ஈடுசெய் சிகிச்சை உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அமெரிக்காவில் 2018இல் எலகோலிக்ஸ் மாத்திரையும் 2022இல் ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரையும் இந்நோயின் வலிக்கு அங்கீகாரம் பெற்றன. அவற்றில் அத்தொடக்கத் தூண்டல் இல்லை, எனினும் எலும்பைக் கருதி அதிகபட்சம் 24 மாதங்கள் என வரம்பிட்டுள்ளார்கள். டையனோஜெஸ்ட் வலியைக் கட்டுப்படுத்தும்போது ஊசிக்கு மாற அவசரம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பதில் 3:
குழந்தைப் பேற்றைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். இம்மருந்துகள் வலியையும் கட்டி மீண்டும் வரும் வாய்ப்பையும் குறைக்குமே தவிர, கருத்தரிக்கும் திறனைக் கூட்டுவதில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டியும் கருத்தரிப்பை மேம்படுத்துவதற்கென்று இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சினைப்பை அறுவை முட்டை இருப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், இரண்டு ஆண்டுகள் காத்திருக்கும் முன் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். இரத்தப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் பேசுங்கள். "ஒரு பிள்ளை பெற்றால் எல்லாம் சரியாகிவிடும்" என்று உறவினர் சொன்னால் அதைச் சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம்; அதே வழிகாட்டி அதையும் மறுக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. விலை குறைவு என்பதால் சாதாரணக் கருத்தடை மாத்திரைக்கு மாறலாமா? அவளுக்கு ஒற்றைத் தலைவலி வரும். அதற்குமுன் கண்ணில் ஒளிக்கோடுகள் தெரியும்.

பதில் 1:
அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் கலந்த கூட்டு மாத்திரை அவருக்கு ஏற்றதன்று. அவ்வகைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது பக்கவாத அபாயத்தைக் கூட்டும். விலைதான் தடை என்றால் நோரெதிஸ்டிரோன் அசிடேட் போன்ற, ஈஸ்ட்ரோஜன் கலவாத மாத்திரையைப் பற்றி, இந்தத் தலைவலியையும் தவறாமல் குறிப்பிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.