குளத்தங்கரைத் தோப்பு: இரண்டாம் தவணைக்கு முன் ஒரு வார்த்தை

வெளியூரில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

ஊர்த் தோப்பில் மரங்களுக்குக் கீழே செடி நடும் வேலைக்கு இரண்டாம் தவணைப் பணம் கேட்டுப் பொருளாளர் அண்ணன் எழுதிய மடலைப் பார்த்தேன். தர மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. போன மாதம் அம்மா திதிக்கு ஊருக்குப் போனபோது கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அனுப்புகிறேன்.

நட்டது 120 கன்று. உயிரோடு இருப்பது 31. பூசாரி மகனைக் கூட நிறுத்திக்கொண்டு இரண்டு தடவை எண்ணினேன். மாமரத்தடி ரோஜா வரிசை முழுக்கக் குச்சி. காகிதப்பூ வெயிலைத் தேடி வேலிப் பக்கம் கழுத்தை நீட்டிக்கொண்டு நாலு இலையோடு நிற்கிறது. குரோட்டன்ஸ் சாகவில்லை, ஆனால் அந்தச் சிவப்பும் மஞ்சளும் போய் வெறும் பச்சையாகிவிட்டது. நிழலில் வைத்தால் அப்படித்தான் ஆகும்.

செத்த ரோஜா ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். நர்சரிப் பை மண் கட்டியாக அப்படியே கையோடு வந்தது. பையின் அடிப்பாகத்தைக்கூட யாரும் முழுசாகக் கிழிக்கவில்லை. கிழிந்திருந்த பக்கம் வழியாக மாமரத்து வேர் தலைமயிர் மாதிரி உள்ளே புகுந்து அந்தக் கட்டியைப் பின்னிக்கொண்டிருந்தது. ஊற்றிய தண்ணீரை எல்லாம் யார் குடித்தது என்று அப்போது தெரிந்தது. நிழல் மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். பெரிய மரத்தின் வேரோடு ஒரு கன்று போட்டி போட வேண்டியிருக்கிறதே, அதுதான் கொல்கிறது. அதிலும் நட்டது சித்திரையில்.

இதை விடுங்கள். அதே தோப்பின் தென்மேற்கு மூலைக்கு யாராவது போனீர்களா? சங்கம் கை வைக்காத மூலை அது. புளியமரத்துக்கும் வேம்புக்கும் நடுவே பாவட்டை வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடக்கிறது. பக்கத்தில் காசான், அதாவது காயா, இடுப்பளவு. குருந்து இரண்டு. ஒரு கொஞ்சிப் புதர். யாரும் நடவில்லை, ஒரு குடம் தண்ணீர் ஊற்றவில்லை. பறவை தின்று போட்ட விதை. நம் பக்கத்துக் கோயில் காடுகளில் பெரிய மரங்களுக்குக் கீழே காலங்காலமாக இருக்கிற செடிகள்தான் இவை எல்லாம். அரை நிழலும் வேர்ப்போட்டியும் கோடை வறட்சியும் இவற்றுக்குப் பழக்கம்.

அதனால் நான் சொல்வது இதுதான். இரண்டாம் தவணையில் ஒரு கன்றுகூட நர்சரியில் வாங்க வேண்டாம். அந்தப் பணம் தண்ணீருக்கும், இரண்டு கோடைக்கு ஓர் ஆள் கூலிக்கும் போகட்டும். ஆடாதோடையும் நொச்சியும் போத்து, அதாவது வெட்டிய கிளைத் துண்டு, வைத்தாலே பிடிக்கும். நொச்சிக்கு வெயில் வேண்டும், அது வேலியோரத்துக்கு. ஆடாதோடை உள்ளே அரை நிழலில் நிற்கும், பேருக்கேற்றபடி ஆடும் தொடாது. மேலத்தெரு ஆடுகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பாவட்டை, குருந்து, கொஞ்சி மூன்றையும் பழம் பொறுக்கி விதையிலிருந்து எடுக்கலாம். காசான் மட்டும் ஆமை நடை, அதற்குப் பொறுமை வேண்டும்.

நடுவது ஐப்பசி மழை விழுந்த பிறகு. மார்கழி வரை மழையே வேரைப் பிடிக்க வைத்துவிடும். குழி ஓரடி போதும். கட்டைவிரல் தடிமன் வேர் தட்டினால் வெட்டாமல் குழியைத் தள்ளிப் போட வேண்டும். கோடையில் ஒவ்வொரு நாலைந்து கன்றுக்கும் நடுவே ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் போதும், மெல்லக் கசிந்துகொண்டே இருக்கும். அப்புறம் அந்தச் சருகு. தயவுசெய்து கூட்டி எரிக்காதீர்கள். அதுதான் அங்கே உரம், அதுதான் ஈரம்.

கொடிவேலியும் நிழலில் நன்றாக வரும் என்று யாராவது சொல்வீர்கள். வரும். ஆனால் அதன் வேர் பட்டால் தோல் கொப்பளிக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் குறுக்கே ஓடுகிற இடத்தில் எனக்கு அது வேண்டாம்.

கிணற்றடி வீடு, மஸ்கட்

—

அனைவருக்கும்,

120 என்று யார் சொன்னது? நர்சரி ரசீதில் 140 என்றுதான் எனக்கு ஞாபகம். 31 பிழைத்தது என்றால் செத்தது 89-ஆ, 109-ஆ? இது தீராமல் பாவட்டை, பானை என்று பேசுவதில் அர்த்தமில்லை. 20 கன்று வண்டியிலிருந்து இறங்கியதா இல்லையா? மோட்டார் விஷயத்திலும் இப்படித்தான் "அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

இன்னொன்று. மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்டுத் திண்ணை முதல் தவணையில் இருந்ததா, தனியா?

வடக்குத்தெரு, துபாய்

—

தங்கச்சிக்கு,

நீ எண்ணினாய், சரி. நான் எண்ணவில்லையா? லீவு போட்டுச் சிங்கப்பூரிலிருந்து போய், சித்திரை வெயிலில் நின்று குழி எடுக்க வைத்தவன் நான். ஐப்பசியில் எனக்கு லீவு கிடைக்காது. அதற்காகத் தோப்பு காத்திருக்குமா?

பக்கத்து ஊரில் ரோட்டோரம் வண்ண வண்ணமாகப் பூங்கா வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகிறவன் திரும்பிப் பார்க்கிறான். நாம் சங்கம் வைத்துப் பணம் திரட்டி, கடைசியில் காட்டுப் புதர் வளர்க்கிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது? காசான் நம் தாத்தா காலத்தில் விறகு. புதர் வைத்தால் பாம்பு வரும், அதற்கும் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆடு பேச்சு எடுத்தாய். உங்கள் கிணற்றடி வேலி ஒரு முழம் தோப்புக்குள் வந்தபோது நாங்கள் யாரும் மடல் போடவில்லை. ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

பொருளாளர்

—

அன்புப் பிள்ளைகளே,

சண்டை போடாதீர்கள். காசான் என்றதும் எனக்கு நாக்கு நீலமாகிவிட்டது. கருத்த பழம் ஒரு கை நிறையப் பறித்துத் தின்றுவிட்டு, நாக்கைக் காட்டச் சொன்ன வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட கூட்டம் நாங்கள். பூ வந்தால் கிளையில் இலைக்கு அடியில் ஒட்டின மாதிரி கொத்துக் கொத்தாக நீலம். பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தப் பூவைப் பார்த்த பிள்ளை இப்போது ஊரில் எத்தனை பேர்? விறகு என்று சொல்லாதே தம்பி, மனசு கேட்கவில்லை.

குருந்தும் அப்படித்தான். மாணிக்கவாசகருக்குக் குரு காட்சி கொடுத்தது ஆவுடையார்கோயில் குருந்த மரத்தடியில். அந்த இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம் வரும். அதில் முட்டையிட வண்ணத்துப்பூச்சி வரும், பறவை எச்சம் மாதிரி ஒரு புழு இருக்கும். நாங்கள் தீப்பெட்டியில் போட்டு வளர்ப்போம். வெட்சிப் பூவின் காம்பை உருவித் தேன் உறிஞ்சியதை யாரும் சொல்லவில்லையே? இட்லிப்பூ என்றால்தான் உங்களுக்குத் தெரியும்.

கிணற்றடி வீட்டம்மா, உன் அப்பா எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. வேலிப் பேச்சை இங்கே பேச வேண்டாம். திண்ணையைக் கட்டியது என் மகன் ஏற்பாடுதான், சங்கப் பணம் இல்லை.

மாமா, டொரண்டோ

—

மாமாவுக்கு நன்றி. அந்தத் திண்ணையைப் பற்றியும் எழுதத்தான் இருந்தேன், நீங்கள் கோபிக்கக்கூடாது. அடிமரத்தை ஒட்டி மண்ணை மேடாக்கி மேலே சிமெண்டு பூசிவிட்டால் வேருக்குக் காற்றும் தண்ணீரும் போகாது. அந்த மாமரத்தின் ஒரு பக்கக் கிளை இப்போதே காய்கிறது. மரம் போனால் நிழலும் இல்லை, நிழல் செடியும் இல்லை. உட்கார ஒரு கல் பலகை போதாதா?

அண்ணன், வெயிலில் நின்றீர்கள் என்பதை யாரும் மறுக்கவில்லை. ரோட்டைப் பார்த்த பக்கம் நாலு மணி நேரம் வெயில் விழுகிறது. அங்கே வெட்சி ஒரு வரிசை முழுக்க வையுங்கள், பஸ்ஸில் போகிறவன் கழுத்து சுளுக்கும் அளவுக்குச் சிவப்பாகப் பூக்கும். உள்ளே போகப் போக வெட்சிக்குப் பூ குறையும், அங்கே பாவட்டை. பெரிய மரங்களின் தாழ்ந்த கிளை சிலதைக் கழித்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக இறங்கும். பாம்பு புதருக்காக வருவதில்லை, எலிக்காக வருகிறது. கல்யாண மண்டபத்து எச்சில் இலை எங்கே விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். நடைபாதையை நாலடி அகலத்துக்குச் சுத்தமாக வைத்தால் போதும்.

லீவு இல்லையென்றால் பரவாயில்லை, ஐப்பசியில் நான் போகிறேன். பூசாரி மகனிடம் பாவட்டைப் பழம் கருத்ததும் பறித்து, சதையைக் கழுவி விதைக்கச் சொல்லியிருக்கிறேன். போன வாரம் ஒரு தொட்டியின் படம் அனுப்பினான். மண்தான் தெரிகிறது, இன்னும் ஒன்றும் முளைக்கவில்லை.

வேலியை அளக்க வேண்டுமென்றால் அப்போதே வந்து அளந்துகொள்ளலாம். என் பங்கு இன்று அனுப்பிவிட்டேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா அண்ணன், அதை ஒரு போட்டோ எடுத்து இங்கே போட்டுவிடுங்கள்.

கிணற்றடி வீடு