இரும்புக் குளிசை: முந்தைய பதிவுக்கு ஒரு புதுப்பிப்பு

கர்ப்பிணிகளின் இரும்புக் குளிசை பற்றிய முந்தைய பதிவில், "காலையில் போட்டுவிட்டு தேயிலை மலைக்கு வேலைக்குப் போனால் குமட்டுகிறது, நிறுத்தலாமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நிறுத்த வேண்டாம், இரவுக்கு மாற்றுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, தண்ணீரோடு. அப்படியும் புரட்டினால் சாப்பாட்டோடு போடலாம். உடம்பில் சேர்வது குறையும், ஆனாலும் போடாமல் விடுவதைவிட மேல். கிளினிக்கில் தரும் கல்சியம் இரும்பு சேர்வதைத் தடுக்கும், அதனால் அதைக் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேத்தண்ணிதான் பெரிய வில்லங்கம். தேயிலைச் சாயத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். பால் ஊற்றினாலும் அதே கதை. குளிசைக்கு ஒரு மணி நேரம் முன்னும் இரண்டு மணி நேரம் பின்னும் குடிக்காதீர்கள். மலம் கறுப்பது வழமை. தார் மாதிரி ஒட்டி நாறினால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

முன்பு எழுதாமல் விட்டது: சின்னப் பிள்ளைகள். 200 மி.கி. பெரஸ் சல்பேட் (இரும்பு உப்பு) குளிசை ஒன்றில் சுமார் 65 மி.கி. இரும்பு. 10 கிலோ பிள்ளை பத்து விழுங்கினால் உயிராபத்து. முதலில் வாந்தி, பிறகு சில மணி நேரம் தெளிந்த மாதிரி இருக்கும். அதை நம்பி லயத்தில் (தோட்டத்து வீட்டில்) வைத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். குளிசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.