பழைய மரத்தின் உச்சி காய்கிறது: உரிமையாளருக்கு என்ன எழுதுவது?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். பெரிய வளாகம் ஒன்றின் தோட்ட வடிவமைப்பையும் பராமரிப்பையும் நான் கவனித்து வருகிறேன். உரிமையாளர் தொலைவில் இருப்பதால் எங்களுக்குள் எல்லாமே மின்னஞ்சலில்தான் நடக்கிறது. வீட்டுக்கு முன்னால் நிற்கும் வயதான நிழல்மரத்தின் உச்சிக் கிளைகள் சென்ற ஆண்டிலிருந்து நுனி காய்ந்து வருகின்றன. இலைகளும் சிறுத்து வெளுத்துவிட்டன. "மரத்துக்குத் தண்ணீர் போதவில்லை, நீரைக் கூட்டி உரமும் வையுங்கள்" என்று அவர் எழுதியிருக்கிறார். ஆனால் மரத்தடிப் புல்தரைக்கு நாள்தோறும் நீர் பாய்கிறது. மிதித்தால் கால் அமுங்குகிறது. நான் பொறுப்பேற்பதற்கு முன், மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே மண் கொட்டி நிரவினார்களாம். அது அவருடைய தந்தை நட்ட மரம். அவர் சொன்னபடி செய்தால் மரம் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன். காரணத்தை எப்படி உறுதி செய்வது, அவர் மனம் நோகாமல் எப்படி மறுத்து எழுதுவது?

மறுமொழி 1
முதலில் அடிமரத்தைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள மரத்தின் அடி தரையைத் தொடும் இடத்தில் அகன்று விரிந்திருக்கும். நட்ட கம்பம்போல் நேராக மண்ணுக்குள் இறங்கினால், அதன் வேர்க்கழுத்து, அதாவது அடிமரம் வேர்களாக விரியும் இடம், புதைந்துவிட்டது என்று பொருள். நீரையும் சத்தையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் 30 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைப்பரப்பையும் தாண்டிப் பரவியிருக்கும். அவற்றின்மேல் மண்ணைக் கொட்டி இறுக்கி, அதன்மேல் நாள்தோறும் நீரையும் விட்டால், காற்று புகும் இடுக்குகள் அடைபட்டு வேர்கள் மூச்சுத் திணறும். மரம் உடனே காட்டிக்கொடுக்காது. சில ஆண்டுகள் கழித்தே உச்சி காயும். நோயும் இப்படிக் காட்டலாம் என்பதால் அடிமரத்தை ஒட்டித் தோண்டிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்து போதும். மரத்தை விட்டுத் தள்ளி 30 செ.மீ. ஆழத்தில் ஒரு குழி எடுத்து நீர் நிரப்புங்கள். அது வடிந்தபின் மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 2.5 செ.மீ. கூட இறங்காவிட்டால் வடிகால் மோசம். காரணம் உறுதியாகும்வரை உரம் வைக்கவே கூடாது.

மறுமொழி 2
கடிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "நீங்கள் சொன்னது தவறு" என்று தொடங்காதீர்கள். அவர் கண்ட அறிகுறி உண்மையானது, ஏனெனில் வேர் அழுகிய மரமும் நீரின்றி வாடும் மரத்தைப் போலவேதான் தோன்றும். அதை முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டு, அளவுகோல் வைத்து எடுத்த படங்களையும் தேதியையும் இணையுங்கள். மண் கொட்டியவர் யார் என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம். எதற்கு அனுமதி வேண்டும் என்பதைத் தனியாகக் கேளுங்கள்.

கேட்டவர்
மிக்க நன்றி. தோண்டிப் பார்த்தோம். 28 செ.மீ. கீழேதான் அடிமரம் விரிகிறது. இடையிலிருந்த மண் சாம்பல் நிறமாக, அழுகிய முட்டை நாற்றத்துடன் கையில் ஒட்டியது. புதைந்த பட்டை விரலால் அழுத்தினாலே உரிந்தது. குழியில் ஊற்றிய நீர் ஒரு மணி நேரத்தில் 1 செ.மீ. மட்டுமே இறங்கியது. நீங்கள் சொன்ன முறையிலேயே எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "நீரை நிறுத்திவிடுங்கள், புல் போனால் போகட்டும்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பலமுறை படித்தேன். இனி மண்ணை முழுவதும் ஒரேயடியாக எடுத்துவிடலாமா?

மறுமொழி 1
அடிமரத்தைச் சுற்றியுள்ள மண்ணை உடனே எடுங்கள். மற்ற இடங்களில் பகுதி பகுதியாக, வெயில் தணிந்த பருவத்தில் எடுப்பது நல்லது, ஏனெனில் கொட்டிய மண்ணுக்குள்ளும் புது வேர்கள் ஏறியிருக்கும். திறந்த இடத்தில் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு இலை, மரச்சீவல் கொண்டு மண்ணை மூடும் மூடாக்குப் போடுங்கள். அது அடிமரத்தைத் தொடக் கூடாது. பட்டை சுற்றிலும் அழுகியிருந்தால் மரம் பிழைப்பது அரிது. அதையும் இப்போதே அவருக்கு எழுதிவிடுங்கள்.

கேட்டவர்
பட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு உறுதியாக இருக்கிறது. இன்றே அதை அளந்து, படத்துடன் எழுதுகிறேன்.