ஏழு குண்டுகளுக்குப் பிறகும் மிதந்த ‘நியோஷோ’ என்ற எண்ணெய்க் கப்பல் பற்றிச் சில ஐயங்கள்

கேள்வி: சங்ககிரி டேங்கர்

அனைவருக்கும் வணக்கம். சங்ககிரி டிப்போவில் பெட்ரோலும் டீசலும் ஏற்றிச் சேலத்துப் பங்க்குகளுக்கும், 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டுக்கும் கொண்டுசேர்க்கும் டேங்கர் லாரித் தொழிலில் இருக்கிறேன். போர்க்கப்பல்களைப் பற்றிப் படிப்பது எனக்கு நெடுநாள் பழக்கம். ஆயினும் பீரங்கிக் கப்பல்களையும் விமானந்தாங்கிகளையும் பற்றி எழுதுபவர்கள், அவற்றுக்கு நடுக்கடலில் எண்ணெய் ஊற்றிய கப்பல்களை ஒரு வரியில் கடந்துபோவதுதான் வழக்கமாக இருக்கிறது. அப்படி ஒரு வரியில் கடந்துபோகப்பட்ட ‘நியோஷோ’ என்ற அமெரிக்கக் கப்பலைப் பற்றித் தேடிப் படித்தேன். 1939-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த இக்கப்பல், 1942 மே 7-ஆம் நாள், ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே நடந்த பவளக்கடல் போரில் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டு, நான்கு நாள் மிதந்து, இறுதியில் தன் நாட்டுக் கப்பலின் பீரங்கியாலேயே மூழ்கடிக்கப்பட்டது.

என் தொழிலோடு சேர்த்து யோசிக்கும்போது சில ஐயங்கள் எழுகின்றன. முதலாவது, 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட காலையில் இக்கப்பல் போர்க்கப்பல்களின் நடுவே நின்றதாகவும், விமான பெட்ரோலை முந்தைய நாள் வந்து இறக்கிவிட்டதால் பெரும் ஆபத்து நீங்கியிருந்ததாகவும் ஒரு கட்டுரையில் படித்தேன். லோடு இறக்கிய வண்டிதான் அதிக ஆபத்தானது என்பதை எங்கள் டிரைவர்கள் அனைவரும் அறிவார்கள். பெட்ரோல் இறக்கிய சேம்பருக்குள் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும்போது ஒரு பொறி போதும். அப்படியிருக்க, காலியான கப்பல் பாதுகாப்பானது என்று எப்படி எழுதுகிறார்கள்? இரண்டாவது, ஏழு குண்டுகள் நேராக விழுந்த பிறகும் ஓர் எண்ணெய்க் கப்பல் நான்கு நாள் மிதந்தது எப்படி? மூன்றாவது, கப்பல் மிதந்துகொண்டே இருந்தது என்றால் அதிலிருந்த அத்தனை பேர் இறந்தது ஏன்? கப்பல்துறை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: அழகாபுரம் ஓய்வு

வணிகக் கப்பல்களின் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்று இப்போது அழகாபுரத்தில் வசிக்கிறேன். உங்கள் முதல் ஐயம் முற்றிலும் நியாயமானது. அன்று காலை நியோஷோ, அத்துறைமுகத்தின் நடுவிலுள்ள ஃபோர்டு தீவின் கரையில், பெரிய போர்க்கப்பல்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த இடத்திலேயே நின்றது. கொண்டுவந்த பெட்ரோலைத் தீவிலிருந்த விமானத்தளத்திற்கு இறக்கிவிட்டுப் புறப்படும் நிலையில் இருந்தது. வெறுமையான தொட்டிகளில் ஆவி நிறைந்திருந்த அந்த நேரத்தில் ஒரு குண்டு விழுந்திருந்தால், கப்பலோடு அருகிலிருந்த கரைத் தொட்டிகளும் எரிந்திருக்கக்கூடும். அதனால்தான் கப்பலின் தலைவர் ஜான் பிலிப்ஸ், தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே கப்பலைக் கரையிலிருந்து விடுவித்துத் துறைமுகத்தின் வேறொரு பகுதிக்குக் கொண்டுபோனார். அந்தச் செயலுக்காக அவருக்கு நேவி கிராஸ் என்ற உயர்ந்த விருது அளிக்கப்பட்டது. “காலியாக இருந்ததால் தப்பியது” என்று எழுதுபவர்கள் டேங்கருக்கு அருகில் ஒருநாளும் நின்றிராதவர்கள் என்றே கருதுகிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை, கப்பல் சுமந்த பொருளிலும் அதன் கட்டமைப்பிலும் இருக்கிறது. நியோஷோ, சிமாரன் வகையைச் சேர்ந்த கப்பல். 553 அடி நீளம், 18 நாட் (மணிக்கு ஏறக்குறைய 33 கிலோமீட்டர்) வேகம். இவ்வகைக் கப்பல் ஒவ்வொன்றும் 1,46,000 பீப்பாய் எண்ணெய், அதாவது ஏறக்குறைய 2 கோடியே 30 லட்சம் லிட்டர் சுமக்கும். உங்கள் 20,000 லிட்டர் லாரிகள் ஆயிரத்துக்கு மேல் நின்றால்தான் அதை ஏற்ற முடியும். மலைப்பாதை வளைவில் பாதி லோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியைக் கவிழ்த்துவிடாமலிருக்க லாரித் தொட்டியை அறைகளாகப் பிரிப்பதைப் போலவே, கப்பலையும் நீளவாட்டிலும் குறுக்கிலும் எஃகுச் சுவர்கள் வைத்துப் பல தொட்டிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு குண்டு இரண்டு மூன்று தொட்டிகளைப் பிளந்தாலும் மற்றவை மூடியே இருக்கும். முந்தைய நாள்தான் யார்க்டவுன் என்ற விமானந்தாங்கிக்கும் அஸ்டோரியா என்ற கனரகக் குரூசர் வகைப் போர்க்கப்பலுக்கும் எண்ணெய் கொடுத்திருந்ததால், வெறுமையான தொட்டிகள் காற்றை அடைத்துக்கொண்டு கப்பலைத் தாங்கின. மீதமிருந்ததும் பாய்லருக்கு ஊற்றும் கனமான ஃபர்னஸ் ஆயில்தான். அது தண்ணீரைவிட இலேசானது; பெட்ரோலைப் போல எளிதில் பற்றவும் செய்யாது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி அதே போரில் மறுநாள் நடந்தது. லெக்ஸிங்டன் என்ற பெரிய அமெரிக்க விமானந்தாங்கி, நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோக்களால் தாக்கப்பட்டபோது, அதன் விமான பெட்ரோல் தொட்டிகளில் விரிசல் விழுந்து ஆவி உள்ளே பரவியது. தாக்குதல் ஓய்ந்து, சேதம் கட்டுக்குள் வந்துவிட்டது என்று நம்பிய வேளையில் ஆவி வெடித்தது. அன்று மாலையே அக்கப்பலைக் கைவிட்டார்கள். போர் விமானங்களைச் சுமந்த கப்பல் ஆவியால் அழிய, எண்ணெயைச் சுமந்த கப்பல் மிதந்துகொண்டிருந்தது என்பது உங்கள் டிரைவர்களுக்கு வியப்பாக இராது.

பதில்: ஏற்காடு வாசகி

ஐயா விளக்கியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நியோஷோ மிதந்ததற்கு ஜப்பானியர்களின் ஒரு முடிவும் காரணம். அன்று காலை ஷோகாகு என்ற விமானந்தாங்கியிலிருந்து சென்ற தேடல் விமானம், நியோஷோவையும் அதற்குத் துணையாகச் சென்ற சிம்ஸ் என்ற நாசகாரிக் கப்பலையும் (வேகமான சிறிய காவல் போர்க்கப்பல்) கண்டு, ஒரு விமானந்தாங்கியும் ஒரு குரூசரும் தெற்கே செல்வதாகச் செய்தி அனுப்பியது. தாழ்ந்து பரந்த மேல்தளம் கொண்ட நீண்ட கப்பல் உயரத்திலிருந்து பார்ப்பவரை ஏமாற்றக்கூடியதே. செய்தியை நம்பி 78 விமானங்கள் புறப்பட்டன. அவற்றில் 24 டார்பிடோ வீசுபவை, 36 செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசுபவை, எஞ்சியவை காவல் விமானங்கள். இடத்தை அடைந்தபின் இது எண்ணெய்க் கப்பல் என்பது தெரிந்தது. உண்மையான விமானந்தாங்கி அருகில் எங்கேனும் இருக்கக்கூடும் என்று வெகுநேரம் தேடி அலைந்தார்கள். அதன் பிறகு டார்பிடோ விமானங்கள் ஆயுதத்தைச் செலவழிக்காமல் திரும்பிவிட்டன; குண்டு விமானங்கள் மட்டும் நண்பகலில் தாக்கின. சிம்ஸ் மூன்று குண்டுகளில் உடைந்து சில நிமிடங்களில் மூழ்கியது. நியோஷோ மீது ஏழு குண்டுகள் விழுந்தன. அடிபட்ட ஒரு விமானமும் அதன் மேல்தளத்தில் வந்து மோதி எரிந்தது. ஆனால் நீர்மட்டத்திற்குக் கீழே வயிற்றைக் கிழிக்கும் டார்பிடோ ஒன்றுகூட அதன்மீது படவில்லை.

அந்த நேரத்தில் அமெரிக்க விமானங்கள் வேறு திசையில் ஷோஹோ என்ற சிறிய ஜப்பானிய விமானந்தாங்கியைத் தாக்கி மூழ்கடித்துக்கொண்டிருந்தன. எண்ணெய்க் கப்பலின் மேல் 78 விமானங்கள் செலவானதால், யார்க்டவுனும் லெக்ஸிங்டனும் அன்று பகலில் தாக்கப்படாமல் தப்பின. எவரும் திட்டமிட்டு அதைப் பலிகொடுக்கவில்லை. ஆயினும் விளைவு அப்படித்தான் அமைந்தது.

பதில்: சங்ககிரி டேங்கர்

இருவருக்கும் மிக்க நன்றி. டார்பிடோ விமானங்கள் திரும்பிப்போன செய்தி எனக்குப் புதியது. மூன்றாவது ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. மிதந்துகொண்டிருந்த கப்பலில் அத்தனை பேர் இறக்க நேர்ந்தது ஏன்? தலைவர்மீது குற்றம் சொல்லலாமா?

பதில்: அழகாபுரம் ஓய்வு

இதுதான் அந்தக் கப்பலின் கதையில் மிகவும் வருந்தத்தக்க பகுதி. கப்பல் தீப்பற்றிச் சாய்ந்துகொண்டிருந்தபோது, கைவிடுவதற்கு ஆயத்தமாகி மறு உத்தரவுக்குக் காத்திருக்கும்படி பிலிப்ஸ் ஆணையிட்டார். புகைக்கும் கூச்சலுக்கும் நடுவே அந்த ஆணை ஒருவர் வாயிலிருந்து மற்றவருக்குச் சென்றபோது, ‘காத்திருங்கள்’ என்ற பகுதி பலரைச் சென்று சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலில் குதித்தார்கள்; பலர் மூழ்கினார்கள், பலர் தெப்பங்களில் ஏறினார்கள். படகுகளில் இருந்தவர்கள் முடிந்தவரை ஆட்களைப் பொறுக்கி எடுத்துக் கப்பலுக்கே திரும்பினார்கள். ஆனால் தெப்பங்கள் இருட்டுவதற்குள் எட்டாத தூரத்திற்குக் காற்றோடு போய்விட்டன. மறுநாள் ஆள் எண்ணியபோது 150-க்கு மேற்பட்டவர்களைக் காணவில்லை.

அதற்கு மேல் ஒரு பிழை சேர்ந்தது. கப்பல் நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்துத் தந்தியில் அனுப்பியவர்கள் அதைத் தவறாகக் குறித்துவிட்டார்கள். தேடிச்சென்ற மோனஹன் என்ற நாசகாரி, சொல்லப்பட்ட இடத்தில் வெறும் தண்ணீரைக் கண்டு திரும்பியது. மே 10-ஆம் நாள் ஆஸ்திரேலிய விமானம் ஒன்று தற்செயலாகக் கண்டபின், மறுநாள் ஹென்லி என்ற நாசகாரி வந்து 123 பேரை ஏற்றிக்கொண்டது. அவர்களில் 109 பேர் நியோஷோவைச் சேர்ந்தவர்கள், 14 பேர் சிம்ஸிலிருந்து படகில் வந்து சேர்ந்தவர்கள். இழுத்துச்செல்லும் நிலையில் இல்லாத கப்பலை ஹென்லியே மூழ்கடித்தது. ஒன்றாகக் கட்டிய தெப்பங்களில் 68 பேர் இருந்தனர். மே 16-ஆம் நாள் ஹெல்ம் என்ற கப்பல் அவர்களைக் கண்டபோது உயிரோடு எஞ்சியவர்கள் நால்வர்.

தலைவரைக் குறைசொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம் போய், ஒலிபெருக்கி இயங்காத கப்பலில், ஆணை வாய்மொழியாகத்தான் செல்ல முடியும். குதித்தவர்களும் கோழைகள் அல்லர். தங்கள் காலடியில் எண்ணெய் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள். என் தொழிலின் காரணமாக நான் மறக்காதவர் ஆஸ்கர் பீட்டர்சன் என்ற பாய்லர் பிரிவு ஊழியர். பழுதுபார்க்கும் குழுவில் இருந்த மற்றவர்கள் அடிபட்டு விழ, தாமும் காயமுற்ற நிலையில், உடைந்த குழாயிலிருந்து நீராவி பீறிட்டுக்கொண்டிருந்த இடத்துக்குள் நுழைந்து, தடுப்புச் சுவரிலுள்ள வால்வுகளைக் கையால் திருகி மூடினார். அழுத்தத்தில் இருக்கும் நீராவி எப்படிப்பட்டது என்பதை பாய்லர் அருகில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வால்வுச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை முதலில் வெந்துபோகும். முகமும் தோளும் கைகளும் வெந்த நிலையில் அவர் மே 13-ஆம் நாள் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்கு இறந்தபின் அளிக்கப்பட்டது.

பதில்: செவ்வாய்ப்பேட்டை

நல்ல உரையாடல். ஆயினும் ஒரு மாற்றுக்கருத்து. அந்தப் போரில் இரு தரப்பும் விமானந்தாங்கிகளை இழந்திருக்க, ஓர் எண்ணெய்க் கப்பலின் இழப்புக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது மிகையல்லவா? எண்ணெய்க் கப்பலை இன்னொன்று கட்டிக்கொள்ளலாம். ஒரு விமானந்தாங்கியை அப்படிக் கட்டிவிட முடியாது.

பதில்: ஏற்காடு வாசகி

கட்டிக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் 1942 மே மாதத்தில் பசிபிக்கில் கைவசம் இருந்த வேகமான எண்ணெய்க் கப்பல்கள் மிகக் குறைவு. நாசகாரிகள் முழுவேகத்தில் ஓடினால் சில நாள்களிலேயே தொட்டி வற்றிவிடும். பக்கத்தில் துறைமுகம் இல்லாத அக்கடலில், இணையாக ஓடியபடியே குழாய் போட்டு எண்ணெய் தரும் கப்பல் இல்லையென்றால் அணி திரும்பிப்போக வேண்டியதுதான். பேர்ல் துறைமுகத்தில் 45 லட்சம் பீப்பாய் எண்ணெய் இருந்த தொட்டிகளை ஜப்பானியர் தொடாமல் விட்டதைப் பெரும் தவறு என்று பின்னர் அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் சுட்டிக்காட்டியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

நம் பக்கத்துக் கடலிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கி மூழ்கியதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். அதே நாளில் அதே கடலில் அதெல்ஸ்டேன் என்ற கடற்படை எண்ணெய்க் கப்பலும் பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற டேங்கரும் மூழ்கின. அன்று இலங்கையைத் தாக்கிய ஜப்பானிய அணியில் ஷோகாகு, ஜுய்காகு என்ற இரு விமானந்தாங்கிகளும் இருந்தன. ஒரு மாதம் கழித்து நியோஷோவைத் தாக்கிய விமானங்களும் இவ்விரு கப்பல்களிலிருந்து சென்றவைதான்.

பதில்: அழகாபுரம் ஓய்வு

செவ்வாய்ப்பேட்டை நண்பருக்கு இன்னொன்று. எண்ணெய் நிறைந்த கப்பல் மூழ்கினால் அதன் கணக்கு அன்றோடு முடிவதில்லை. 1944 நவம்பர் 20-ஆம் நாள் பசிபிக் கடலிலுள்ள உலித்தி தீவுக்கூட்டத்தில் மிஸ்ஸிஸ்ஸினெவா என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல், ஆள் உள்ளே அமர்ந்து செலுத்தும் ‘கைட்டன்’ என்ற ஜப்பானியத் தற்கொலை டார்பிடோவால் தாக்கப்பட்டு 63 பேருடன் மூழ்கியது. அதில் பெட்ரோலும் இருந்தது. எனவே நியோஷோவுக்குக் கிடைத்த நான்கு நாள் அதற்குக் கிடைக்கவில்லை, சில மணி நேரத்திலேயே கவிழ்ந்தது. 2001-இல் ஒரு புயலுக்குப் பின் அதன் தொட்டிகள் கசிந்து அத்தீவு மக்களின் மீன்பிடித் தொழில் பாதிக்கப்படவே, 2003-இல் அமெரிக்கக் கடற்படை வந்து எஞ்சிய எண்ணெயை உறிஞ்சி எடுத்தது. நியோஷோ கிடப்பது ஆழ்கடலில். அங்கே அப்படி இறங்கி எடுக்க இயலாது.