அன்னாசி மீனின் கவசமும் வாழிடமும்

கேள்வி (பவழத்திட்டு):
சிட்னியில் மீன்காட்சியகம் ஒன்றின் இருண்ட தொட்டியில் கையளவே இருந்த மஞ்சள் மீன் ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு செதிலும் கருப்பு விளிம்பிட்ட தகடாக, நடுவே பின்னோக்கிய முள்ளோடு இருந்ததால், தோல் சீவாத அன்னாசிப் பழத்துக்குத் துடுப்பு முளைத்தது போலத் தோன்றியது. வாயோரத்தில் ஏதோ பச்சையாக மிளிர்ந்தது. இத்தனை கனத்த கவசத்தோடு அது கடலில் எங்கே வாழ்கிறது? அந்த ஒளி அதனுடையதுதானா?

மறுமொழி (அலைவாய்):
அது ஆஸ்திரேலியக் கடல்களுக்கே உரிய அன்னாசி மீன். 1882இல் விலங்கியலாளர் டி விஸ் இதற்கு 'கிளைடோபஸ் குளோரியாமாரிஸ்' என்று அறிவியல் பெயரிட்டார். நன்கு வளர்ந்தாலும் ஒரு சாணளவுதான், ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். கவசம் விறைப்பானது என்பதால் உடலை வளைத்து விரைந்து நீந்த இதனால் முடியாது. ஆகவே பகல் முழுவதும் பாறை விளிம்புகளின் அடியிலும் குகைகளிலும் ஒதுங்கியிருந்து, இருட்டிய பிறகே இரை தேடி வெளியே வருகிறது. நியூ சவுத் வேல்ஸில் போர்ட் ஸ்டீபன்ஸ் பகுதியின் ஃபிளை பாயிண்டில், ஒரே விளிம்பின் அடியில் இம்மீன்களை ஆண்டுக்கணக்கில் முக்குளிப்போர் கண்டு வந்திருக்கிறார்கள். அந்த விளிம்பையும் சேர்த்தே இதன் கவசமாகக் கருத வேண்டும் என்பது என் எண்ணம்.

மறுமொழி (உப்பங்காற்று):
ஒளியைப் பற்றிச் சொல்கிறேன். கீழ்த்தாடையின் இரு ஓரங்களிலும் உள்ள சிறு உறுப்புகளில் குடியிருக்கும் பாக்டீரியாக்களே ஒளிர்கின்றன. மீன் அவற்றுக்கு இடம் தருகிறது. ஹவாய்த் தீவுகளின் குட்டைவால் கணவாயிலும் ஒளி தருவது 'அலிவிப்ரியோ ஃபிஷெரி' என்ற இதே இனம்தான் என்பதை அறிந்தபோது வியந்துபோனேன். பகலில் செம்மஞ்சளாகத் தெரியும் அவ்வுறுப்பு இருளில் நீலப்பச்சையாக மிளிரும். வாயை மூடினால் மறைந்துவிடும். இரவில் சிறு இறால்களைத் தேட இவ்வொளி உதவுவதாகக் கருதப்படுகிறது.

பவழத்திட்டு:
இருவருக்கும் நன்றி. முதுகில் இருந்த தடித்த முட்கள் ஒன்று இடமாகவும் அடுத்தது வலமாகவும் சாய்ந்திருந்தன. அது பிறவிக் குறையா?

அலைவாய்:
குறையன்று, இயல்பே அதுதான். அம்முட்களை இணைக்கும் சவ்வு இல்லாததால் அவை தனித்தனியே இருபுறமும் சாய்ந்து நிற்கின்றன. வயிற்றுத் துடுப்பிலும் பெரிய முள் ஒன்று உண்டு. அதை விரித்து அசையாதபடி பூட்டிக்கொள்ள இம்மீனால் முடியும். அடுத்த முறை செல்லும்போது தொட்டியின் கீழ்ப்புறமிருந்து பாருங்கள்.