வெசாக் ஓர்க்கிட் இந்த வைகாசியிலும் பூக்கவில்லை, உதவி தேவை

வெள்ளவத்தை மாடி:
வணக்கம். எங்கள் பல்கனியில் தொங்கும் வெசாக் ஓர்க்கிட், வாங்கிய வருடத்தில் நன்றாகப் பூத்தது. அதன் பிறகு வெசாக் கூடுகள் ஏறி இறங்கியதுதான் மிச்சம். செடியில் ஒரு மொட்டையும் காணவில்லை. இலைகள் பச்சையாக இருக்கின்றன, பசளையும் இடுகிறேன். அடுத்த வாரம் சாடியை மாற்ற எண்ணியிருப்பதால் தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லவும்.

குரோட்டன் வேலி:
பல்கனி எந்தத் திசையைப் பார்க்கிறது? காலி வீதிக்குக் கடற்பக்கமா, உட்பக்கமா? சாடியில் இருப்பது கரியா, பொச்சுமட்டையா, மண்ணா? என்ன பசளை? இவை தெரியாமல் சாடியை மாற்றச் சொல்லவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது.

தெஹிவளை அக்கா:
என் அனுபவத்தில் குழாய்த் தண்ணீரே எல்லாவற்றுக்கும் காரணம். அதிலுள்ள குளோரின் வேருக்கு ஆகாது. மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள், தம்பி. என்னுடைய அந்தூரியம் அப்படித்தான் தேறியது.

மழைக்கோடு:
தண்ணீரைவிடக் குளிர்ச்சியைத்தான் பார்க்க வேண்டும். கடும் வெயிலுக்குப் பின் சடுதியாக இடிமழை பெய்து வெப்பநிலை சில பாகை இறங்கினால், ஏறக்குறைய ஒன்பது நாட்களில் ஊரிலுள்ள செடிகள் அனைத்தும் ஒரே காலையில் பூக்கும். தொடர்மாடிக் கூரைக்குக் கீழே அந்தக் குளிர்ச்சி எட்டுவதில்லை. மாலையில் பனிக்கட்டி நீரைத் தெளித்துப் பாருங்கள்.

பழைய போதனாசிரியர்:
மழைக்கோடு அவர்கள் விவரிப்பது புறா ஓர்க்கிட், அதாவது டென்ட்ரோபியம் குருமெனாட்டம். அதன் பூ வெள்ளை நிறம், ஒரு நாளில் வாடிவிடும். தண்டு நிமிர்ந்து, அடிப்பக்கம் பருத்திருக்கும். வெசாக் ஓர்க்கிட் என்பது டென்ட்ரோபியம் மக்கார்தியே. இலங்கைக்கு மட்டுமே உரியது. தாழ்நில ஈரவலயக் காடுகளில் மரத்தில் பற்றி மெல்லிய தண்டுகளைத் தொங்கவிட்டு வளர்வது. பூ இளம் ஊதா. பேராதனைப் பூங்காவை நடத்திய துவெயிட்ஸ் காலத்திலேயே தெளிவாகிவிட்ட இந்த வேறுபாட்டை இன்றும் நான் எழுத வேண்டியிருக்கிறது. பனிக்கட்டி நீர் ஊற்றினால் வேர்தான் கெடும். கேள்வி கேட்டவர் முதலில் தன்னிடம் இருப்பது எதுவென்று உறுதிப்படுத்தட்டும்.

தெஹிவளை அக்கா:
ஐயா, பூத்த நிறத்தைக் கேட்டாலே போதுமே. துவெயிட்ஸை எழுப்ப வேண்டுமா?

வெள்ளவத்தை மாடி:
இளம் ஊதாதான், தண்டுகள் தொங்குகின்றன. கடற்பக்கம், மேற்குப் பார்த்த பல்கனி. கரியும் ஓட்டுத் துண்டுகளும் போட்டிருக்கிறேன். கறிவேப்பிலைக்குக் கரைக்கும் யூரியாவில் கொஞ்சம் இதற்கும் ஊற்றுகிறேன்.

குரோட்டன் வேலி:
யூரியா தழைச்சத்து மட்டுமே தருவதால் இலை செழிப்பதிலும் மொட்டு வராததிலும் வியப்பில்லை. அதை நிறுத்தி, தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்தும் சமமாகக் கலந்த பசளையை மிக மெல்லியதாகக் கரைத்து விடுங்கள். மேற்கு வெயிலும் கடற்காற்றின் உப்பும் இந்தச் செடிக்கு ஒவ்வாதவை. நிழல்வலை கட்டுங்கள், அல்லது காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். கரியும் ஓட்டுத் துண்டும் சரியானவையே. வேர் அழுகாதிருந்தால் சாடியை மாற்றத் தேவையில்லை.

நிழல்வலை:
இவ்வளவு சிரமம் எதற்கு? இரத்தினபுரிப் பக்கம் உறவினர் இருந்தால் காட்டிலிருந்து பூத்த கொத்து ஒன்றைக் கொண்டுவரச் சொல்லலாம்.

மழைக்கோடு:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட இனம். மரத்தோடு ஒட்டிய வேரைப் பிய்த்தெடுத்த கொத்து, கொழும்பு வெக்கையில் பெரும்பாலும் பிழைப்பதுமில்லை.

நிழல்வலை:
அப்படியானால் கடையில் விற்பதும் காட்டிலிருந்து வந்ததுதானே?

பழைய போதனாசிரியர்:
அவசியமில்லை. ஓர்க்கிட் விதையில் உணவுச் சேமிப்பு கிடையாது; காட்டில் பூஞ்சையின் துணையோடும், ஆய்வுகூடத்தில் குடுவையில் ஊட்டக்கலவை மீதும் முளைக்கிறது. குடுவையில் வளர்ந்த கன்றுகள் ஒரே அளவில், வேர் முழுமையாக இருக்கும்; காட்டுக் கொத்தில் அறுந்த பழைய வேரும் ஒட்டிய மரப்பட்டையும் பாசியும் காணப்படும். வாங்கும்போது வேரைப் பாருங்கள், இலையைப் பார்த்து மயங்காதீர்கள். இன்னொன்றையும் யாரும் கேட்கவில்லை: இலை உதிர்ந்த பழைய தண்டுகளை வீட்டில் என்ன செய்கிறீர்கள்? பல டென்ட்ரோபியங்களில் காய்ந்ததுபோல் தோன்றும் தண்டின் கணுக்களிலும் மொட்டு வரும்.

வெள்ளவத்தை மாடி:
அம்மாவிடம் கேட்டேன். தைப்பொங்கலுக்கு வீடு துப்புரவு செய்யும்போது, வருடந்தோறும், காய்ந்த தண்டுகள் எல்லாவற்றையும் அவர்தான் ஒட்ட வெட்டிவிடுகிறாராம். சாடியைக் குசினியின் கிழக்கு யன்னலுக்கு மாற்றிவிட்டேன், யூரியாவையும் நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

தெஹிவளை அக்கா:
மழைநீர்?

குரோட்டன் வேலி:
தண்டைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சையாக இருந்தால் வெட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். முழுவதும் சுருங்கிப் பழுப்பாகி நொறுங்குவதை மட்டும் எடுக்கலாம். இவ்வருடம் வரும் புதுத் தண்டுகள் முதிர வேண்டியிருப்பதால் அடுத்த வைகாசியில் பூ குறைவாகவே இருக்கலாம்.