க்யூர்பிப் வீட்டில் பூஞ்சணம்: எந்த ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாம்?

எல்லாருக்கும் வணக்கம். மொரீஷியஸில் க்யூர்பிப் பக்கம் குடியிருப்பவர்களிடம் ஒரு யோசனை வேண்டும். கடலோரத்துப் போர்ட் லூயிக்காரர்கள் சிரிக்கலாம். ஆனால் சுமார் 550 மீட்டர் உயரத்தில், தூறலும் மூட்டமுமான ஊரில் துணி காய்வதே பெரும்பாடு.

வாடகை வீடு, கான்கிரீட் சுவர். படுக்கையறையில் ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதம் அளக்கும் கருவி) 82 சதவீதம் காட்டுகிறது. 60-க்குக் கீழே வந்தால்தான் பூஞ்சணம் அடங்கும். அலமாரியின் பின்பலகையில் சாம்பல் புள்ளிகள், தோல் செருப்பில் பச்சையாகவே படர்ந்திருக்கிறது.

அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாயிற்று; காற்று ஓடாவிட்டால் குளிர்ந்த சுவரில் ஈரம் கோத்துக்கொள்ளும். பலகைக்கு வினிகர். சுவருக்கு ப்ளீச், அதுவும் வேறொரு நாளில் (இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மறந்தும் கூடாது). ஈரம் இழுக்கும் கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குள் சரி, அறைக்குப் போதாது.

குளிர்ந்த சுருளில் ஈரத்தைப் பிடிக்கும் கம்ப்ரெசர் மெஷின் கரண்ட் குறைவாகத் தின்னும். ஆனால் இங்கே குளிர்காலமான ஜூலை, ஆகஸ்டில் அறை 15 டிகிரிக்கு இறங்கினால் சுருளில் பனி படிந்து மந்தமாகிவிடும். டெசிகன்ட் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த) வகை குளிரிலும் இழுக்கும், பில்தான் ஏறும். 12 சதுர மீட்டர் அறைக்கு எதை வாங்கலாம்? குளிர்காலம் முழுக்க ஓட்டியவர்கள் சொன்னால் நல்லது.

இந்தியாவிலிருந்து மெஷின் கொண்டுவந்தால் 230 வோல்ட் ஒத்துப்போகும், உருண்டை முள் பிளக்தான் இடிக்கிறது. அடாப்டரை நம்பலாமா, ஃபியூஸ் உள்ள சதுர முள் பிளக்கே மாட்டிவிடுவதா?

பட்டுப்புடவை மடிப்பில் விழுந்த புள்ளிக்கும் வழி சொல்லுங்கள். வினிகர் வைக்கப் பயமாயிருக்கிறது, ஜரிகை கறுத்துவிடுமோ என்று.